பெல்ட் மாற்றும்போது பம்ப்பையும் மாற்றலாமா?

"பெல்ட்டுக்காக எல்லாத்தையும் பிரிக்கிறோம் சார். வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாத்திடலாமா?" பழைய டஸ்டர் டீசலை டைமிங் பெல்ட் மாற்ற விட்டால் மெக்கானிக் இப்படித்தான் கேட்பார். ஒழுகாத பம்ப்புக்கு எதற்குச் செலவு, நம் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று தோன்றும். என் பதில்: மாற்றிவிடுங்கள். ஆனால் எல்லா வண்டிக்கும் இதே பதில் பொருந்தாது.

பம்ப்பை எந்த பெல்ட் சுற்றுகிறது என்பதுதான் விஷயம். ஸ்விஃப்ட் டீசலின் 1.3 லிட்டர் என்ஜினில் டைமிங் பெல்ட்டே இல்லை, செயின்தான். பம்ப்பைச் சுற்றுவது வெளியே ஓடும் பெல்ட். அதில் பம்ப் ஒழுகும்போது பார்த்துக்கொள்ளலாம். 2012-இல் ஒரகடத்திலிருந்து வந்த டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் என்ஜின் அப்படியல்ல. டெரானோ, சன்னி, வெரிட்டோ டீசல்களில் இருப்பதும் இதே குடும்பத்து என்ஜின்தான். மறைமலை நகரில் தயாரான ஃபிகோவின் 1.4 லிட்டர் டீசலிலும் இதே ஏற்பாடு. கேம் ஷாஃப்ட்டைச் சுற்றும் அதே டைமிங் பெல்ட்தான் பம்ப்பையும் சுற்றுகிறது.

டஸ்டரில் அந்த பெல்ட்டைத் தொடவே வலது முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். என்ஜினுக்கு அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்து, அந்தப் பக்கத்து மவுண்ட்டை இறக்கி, கவரை எடுத்து, கிராங்கும் கேமும் நகராதபடி பின் போட்டுப் பூட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்தால் பம்ப் கண்ணெதிரே நிற்கும். சில போல்ட்டுகள்தான் பாக்கி. ஆறு மாதம் கழித்து அது ஒழுகினால் இத்தனை வேலையும் முதலிலிருந்து, கூலியும் மறுபடி முழுசாக. கூலன்ட் பட்டு ஊறிய பெல்ட்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒழுகல்கூடப் பரவாயில்லை, பேரிங் இறுகினால்தான் ஆபத்து. பம்ப் சுற்றாமல் நின்றால் பெல்ட்டின் பற்கள் சிராய்ந்து போகும், கேம் நின்றுவிடும், மேலேறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதும். பிறகு ஹெட்டை இறக்காமல் தீராது. புது பெல்ட்டைச் சரியான இழுவிசையில் மாட்டும்போது அந்த பாரம் தேய்ந்த பேரிங்கின் மேல்தான் விழுகிறது என்பதையும் யோசியுங்கள்.

பெல்ட்டைக் கழற்றியதும் பம்ப் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது கரகரத்தாலோ பேச்சே வேண்டாம். ஷாஃப்ட்டுக்குக் கீழே சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்கில் தேங்காமல் வெளியேறுவதற்கென்றே வைத்தது அது. அதைச் சுற்றி கூலன்ட்டின் நிறத்தில் காய்ந்த பொருக்கு கண்டால் சீல் போகத் தொடங்கிவிட்டது. ஆனால் இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாத பம்ப், அடுத்த பெல்ட் மாற்றும் வரை தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் மாற்றச் சொல்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறுத்திக்கொள்வேன். கையில் கிடைப்பது பெயர் தெரியாத டூப்ளிகேட் பம்ப் என்றால், ஆட்டமில்லாத பழைய ஒரிஜினலே மேல். பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றும் ஒரே பெட்டியில் வரும் கிட்டுகளை நல்ல கம்பெனிகள் விற்கின்றன. ஒரு நாள் காத்திருந்தாவது அதை வரவழையுங்கள்.

டஸ்டர் டீசல் 2020-இல் நின்றுவிட்டது. இன்று ஓடுபவற்றில் பல இரண்டாம், மூன்றாம் கைக்கு மாறியவை. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். கையேட்டில் கிலோமீட்டரோடு வருடக் கணக்கும் இருப்பது அதற்காகத்தான். முன்னாள் ஓனர் பெல்ட் மாற்றிய பில்லைக் காட்டினால், அதில் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றிய பிறகு போர் தண்ணீரை ஊற்ற விடாதீர்கள். உப்புப் படிந்து புது சீலைச் சீக்கிரமே அரித்துவிடும். கம்பெனி சொல்லும் கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றி, காற்றுக் குமிழி முழுவதும் வெளியேறும் வரை என்ஜினை ஓடவிட்டு, ஆறியபின் அளவை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.