பந்தியில் இடம் கிடைக்கும் வரை...

"என்ன மதினி, மகளுக்கு டாக்டர் சீட்டு கிடைச்சிருச்சா?"

2024ஆம் வருஷம் ஜூன் தொடங்கி ஐப்பசி முடியும் வரை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள். ஆலங்குடி பஸ்ஸில் கேட்பார்கள். பிரதோஷத்துக்கு எங்கள் திருவரங்குளம் சிவன் கோயிலுக்குப் போனால், நந்தி அபிஷேகத்துக்கு நடுவிலும் கேட்பார்கள். "கிடைச்சிருச்சு" என்றால் சந்தோஷம். "கிடைக்கல" என்றால் நாலு நாள் அழுகையோடு போகும். "இன்னும் தெரியல" என்று ஐந்து மாதம் சொல்லிக்கொண்டிருப்பது இருக்கிறதே, அதுதான் பெரிய வேதனை!

அந்த ஐந்து மாதத்தில் நான் தெரிந்துகொண்டதை, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளின் தாய்மாருக்கும், இன்னும் இடுப்பில் குழந்தையை வைத்திருக்கிற இளம் தாய்மாருக்கும் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன். இடுப்புக் குழந்தைக்கு இப்போதே என்ன அவசரம் என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அந்த வருஷத்துக் குழப்பம்

நீட் பரீட்சை 2024 மே 5ஆம் தேதி நடந்தது. மொத்தம் 720 மார்க். ஜூன் 4ஆம் தேதி ரிசல்ட். என் மூத்தவள் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு அவளுடைய டீச்சர், "போன வருஷமா இருந்தா இந்த மார்க்குக்குக் கவலையே இல்ல" என்றார். ஆனால் அந்த வருஷம் நாடு முழுக்க மார்க் மழை! 67 பேர் 720க்கு 720. வினாத்தாள் முன்கூட்டியே வெளியானதாகப் புகார், 1,563 பேருக்குக் கருணை மார்க் போட்டது பற்றிப் புகார் என்று எல்லாம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அந்த 1,563 பேருக்கு ஜூன் 23ல் மறுபடி எழுத வாய்ப்புக் கொடுத்தார்கள். பரீட்சை முழுவதையும் ரத்து செய்ய வேண்டியதில்லை என்று ஜூலை 23ல் கோர்ட் சொன்னது. ஜூலை 26ல் திருத்திய ரிசல்ட் வந்தபோது முழு மார்க் வாங்கியவர்கள் 17 பேராகக் குறைந்திருந்தார்கள்.

அதுவரைக்கும் என் மகள் புத்தகத்தைக் கட்டி வைக்கவும் முடியாமல், எடுத்துப் படிக்கவும் மனமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

பந்திக் கணக்கு

ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தரவரிசைப் பட்டியல் வந்தது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொது வரிசை எண் ஒன்று, அவரவர் வகுப்புப் பிரிவுக்குள் வரிசை எண் ஒன்று. நம் மாநிலத்தில் 69 சதவீத இடஒதுக்கீடு இருப்பதால் இரண்டு எண்ணையும் பார்க்க வேண்டும். முந்தின வருஷம் எங்கள் பிரிவில் எந்த எண்ணோடு அரசு எம்.பி.பி.எஸ். இடம் முடிந்தது என்று தேடிப் பார்த்தோம்.

"கொஞ்சம் பின்னாடிதாம்மா நிக்கிறேன்" என்றாள்.

ரொம்பப் பின்னால் நின்றால் விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். 'கொஞ்சம் பின்னாடி' என்பதில்தான் அவஸ்தை அத்தனையும்.

இந்த வரிசை எப்படி நகர்கிறது என்பது எனக்கு முதலில் புரியவில்லை. மகள்தான் கல்யாணப் பந்தியை வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நாம் போய் நிற்போம் அல்லவா? அவர் எழுந்தால்தான் நமக்கு இலை. அவர் எப்போது எழுவார்? அதை விட நல்ல இடம் கிடைத்தால்!

மாநில அரசுக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதற்குத் தனிக் கலந்தாய்வு. எய்ம்ஸ், ஜிப்மர் இடங்களும் அதில்தான். மீதி 85 சதவீதத்துக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக்குழு கலந்தாய்வு நடத்துகிறது. நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் இரண்டிலும் பெயர் கொடுப்பார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற ஒரு பிள்ளைக்கு ஜிப்மர் கிடைத்துவிட்டால், அந்த இடம் காலி. அதற்கு ஸ்டான்லியில் இருப்பவர் நகருவார். ஸ்டான்லிக்கு மதுரையில் இருப்பவர். மதுரைக்குப் புதுக்கோட்டையில் இருப்பவர். மேலே ஒருவர் எழுந்தால் கீழே வரிசையாக நாற்காலி நகர்ந்து, கடைசியில் பின்னால் நிற்கிற ஒரு பிள்ளைக்கு இலை விழும். இதற்காகத்தான் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, அதற்கு மேல் மிச்சமிருக்கும் இடங்களுக்கு ஒரு சுற்று என்று வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் மிஞ்சும் இடங்கள் முன்பெல்லாம் நம் மாநிலத்துக்கே திரும்பி வரும். 2021-22 முதல் அப்படித் திரும்புவதில்லை. "கடைசியில நிறைய சீட்டு வரும், பாருங்க" என்று பழைய கதை சொல்லுகிறவர்கள் பேச்சைக் கேட்டு நானும் ஏமாந்தேன்.

அமெரிக்காவிலும் இப்படிக் காத்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் தனித்தனிப் பட்டியல். பல கல்லூரிகளில் நாம் எத்தனையாவது ஆள் என்பதையே சொல்வதில்லையாம். வகுப்பு தொடங்கும் நாள் வரை போனைப் பார்த்தபடி இருக்க வேண்டியதுதான். அதை நினைத்தால், நம் எண் நமக்குத் தெரிகிறதே என்று ஓர் ஆறுதல்.

நான் செய்த தப்பு

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் சட்டமாக வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அப்படி இடம் பெறும் பிள்ளைகளுக்குத் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்கிறது.

என் மகள் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை படித்தது அரசுப் பள்ளியில்தான். ஆனால் ஆறு, ஏழு இரண்டு வருஷம் மட்டும் இங்கிலீஷ் மீடியம் ஆசையில் ஒரு தனியார் பள்ளியில் போட்டேன். "எதுக்குடி, பக்கத்துல இருக்க பள்ளிக்கூடம் போதாதா?" என்று என் மாமியார் சொன்னார். கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் பீஸ் கட்டி முடியாமல் திரும்ப அரசுப் பள்ளிக்கே கொண்டு வந்தோம். அந்த இரண்டு வருஷம் இந்த ஒதுக்கீட்டுக்குத் தடையாக நின்றுவிட்டது. அப்போது அப்படி ஒரு சட்டம் வரும் என்று யார் கண்டார்கள்? ஆனாலும் மனசு கேட்கவில்லை.

இவளோடு படித்த பெண் ஒருத்தி, இவளை விடக் குறைந்த மார்க், இந்த ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தாள். நான் அடுப்படியில் அதைச் சொல்லிப் புலம்பினேன். மகள் என்னைப் பார்த்து, "அம்மா, அவ லீவு நாள்ல நூறு நாள் வேலைக்குப் போற அம்மாவுக்குச் சோறு ஆக்கி வச்சுட்டுப் படிச்சவ. அவளுக்குக் கிடைச்சதுல எனக்குச் சந்தோஷம்தான். நீ இப்படிப் பேசாதே" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

இளம் தாய்மாரே, இதற்காகத்தான் உங்களையும் கூப்பிட்டேன். பிள்ளையை ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யும்போதே இந்த விதியைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

கையில் இருந்த இடம்

முதல் சுற்றில் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பி.டி.எஸ். கிடைத்தது. 2023ல் திறந்த கல்லூரி, 50 இடம். எங்கள் வீட்டிலிருந்து போய் வருகிற தூரம்தான்.

வீடு நாலு கட்சியாகப் பிரிந்தது. "பல்லு புடுங்குற படிப்பா?" என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் இருக்கிற நிலத்தை விற்றுத் தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். போடலாம் என்றார். அங்கே வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். இளையவன் இருக்கிறான், அவன் படிப்பு என்னாவது? நான், "இதை விட்டுட்டு அடுத்த வருஷம் திரும்ப எழுதட்டுமே" என்றேன். எல்லோரும் பேசி முடித்த பிறகு மகள் சொன்னாள்:

"சேர்ந்துர்றேன்ப்பா. அடுத்த சுற்றுல எம்.பி.பி.எஸ். வந்தா மாறிக்கிறேன்னு விருப்பமும் குடுத்துர்றேன். கையில இருக்க இலையை விட்டுட்டு நிக்க மாட்டேன்."

சேர்ந்தாள். மேலே இடம் வந்து மாறினால் பழைய இடம் உடனே அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது என்பதையும் தெரிந்துகொண்டுதான் விருப்பம் கொடுத்தாள்.

புரட்டாசியில் இரண்டாம் சுற்று. உளுந்து அரைத்துக்கொண்டிருந்த நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து நின்றேன். போனைப் பார்த்தாள். "பழைய இடமேதாம்மா." ஐப்பசியில் மூன்றாம் சுற்று. அப்போதும் அதேதான். இவளுக்குச் சில எண்களுக்கு முன்னால் வரிசை நின்றுபோயிற்று. அன்று ராத்திரி அவள் அழவில்லை. நான்தான் கொல்லைப்புறம் போய் அழுதேன்.

உடம்பும் மனசும்

இந்த ஐந்து மாதத்தில் அவள் உடம்பு பட்ட பாட்டை நான் முதலில் கவனிக்கவில்லை. தூக்கம் போயிற்று. முடி கொட்டியது. இரண்டு மாதம் தீட்டு தள்ளிப் போயிற்று. பயந்துபோய் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "மனக்கவலை அதிகமானா இப்படித் தள்ளிப் போகும். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம் குடுங்க. தொடர்ந்தா திரும்ப வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சில சட்டங்கள் போட்டோம். கலந்தாய்வு விஷயம் சாயங்காலம் அரை மணி நேரம்தான் பேசுவது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் என் தலைமாட்டில். யார் கேட்டாலும் பதில் சொல்வது நான், அவள் இல்லை. பக்கத்து வம்பனில் பயறு ஆராய்ச்சி நிலையமே இருக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். உளுந்துக்கு என்ன குறை? வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டு உளுந்தங்களி, மற்ற நாளில் முருங்கைக்கீரை, முட்டை என்று பார்த்துச் செய்தேன். அடுத்த மாதமே முகம் தெளிந்தது.

பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினாலோ, யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடந்தாலோ, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டாலோ, விளையாட்டுப் பேச்சு என்று விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள். 104 என்ற அரசு எண்ணுக்கோ, மனநல உதவிக்கென்றே இருக்கும் 14416 என்ற எண்ணுக்கோ போன் செய்யுங்கள். செலவில்லை.

இதையெல்லாம் தயாராக வையுங்கள்

சாதிச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று இவற்றை ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்திலும் பள்ளியிலும் வாங்கி வையுங்கள்.

விண்ணப்பத்தில் கொடுத்த போன் எண்ணை எல்லாச் சுற்றும் முடியும் வரை மாற்றாதீர்கள். எல்லாத் தகவலும் அதற்குத்தான் வரும்.

கல்லூரி விருப்பப் பட்டியலில் உண்மையிலேயே எது முதலில் வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். "அது நமக்குக் கிடைக்காது" என்று நாமே விட்டுவிடக் கூடாது.

கிடைத்த இடத்தில் சேராவிட்டால் என்ன ஆகும், எந்தச் சுற்று வரை விலகலாம், கட்டிய பணம் திரும்புமா என்பதெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டைப் பெற்றோரும் படியுங்கள்.

"கடைசிச் சுற்றில் சீட் வாங்கித் தருகிறேன்" என்று போன் வரும். எங்களுக்கும் வந்தது. காசு கேட்டவுடனே வைத்துவிடுங்கள்.

இப்போது...

எங்கள் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண் பிள்ளைகள் வரக்கூடாது என்று பலர் எதிர்த்த காலத்தில், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் இடம் பெற்றார். 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ல் டாக்டர் ஆனார். அவர் காலத்தில் பெண் உள்ளே வரலாமா என்பதே கேள்வி. இன்றைக்கு என் மகளுக்கு எந்தக் கல்லூரி, எந்தச் சுற்று என்பது கேள்வி. அந்த அம்மாள் பட்ட பாட்டில் வந்த வசதி இது என்று மகளிடம் சொன்னேன்.

முதல் வருஷத்திலேயே மனித உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் படித்தாள். மெழுகுக் கட்டியில் பல் செதுக்க வேண்டுமாம். திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் செதுக்குவாள். ஒரு நாள் கடைவாய்ப்பல் ஒன்றைச் செதுக்கி முடித்து அப்பத்தாவிடம் காட்டினாள். "அட, என் வாயில இருந்து விழுந்தது மாதிரியே இருக்கேடி!" என்று மாமியார் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவர் "பல்லு புடுங்குற படிப்பு" என்று சொல்வதை விட்டுவிட்டார்.

எனக்கு அந்த ஆறாம் வகுப்பு நினைவு இப்போதும் வரத்தான் செய்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ரேஷன் கடையில் யாராவது, "மதினி, மக என்ன படிக்குது?" என்று கேட்டால் தயங்காமல் சொல்கிறேன்:

"பல் டாக்டருக்குப் படிக்கிறா. வாயில ஏதும் வலி இருந்தா சொல்லு, கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."