மாடர்ன் பீஸ்னா எது? சீர்காழியிலிருந்து ஒரு ஆடிஷன் கேள்வி

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை ஓரளவு அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் சீர்காழியிலிருந்து ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. பொண்ணு பிளஸ் டூ, பியானோவில் ஏழாவது கிரேடு முடிச்சிருக்கா. சென்னையில் ஒரு இசைக் கல்லூரிக்கு ஆடிஷன், மூணு மாசம் இருக்கு. பாக், ஒரு சொனாட்டா, ஷோபின், மூணும் தயார். நாலாவதா ‘மாடர்ன் பீஸ்’னு போட்டிருக்காம். “சினிமா பாட்டு வாசிக்கலாமா சார்? வீட்ல 61 கட்டை கீபோர்டுதான் இருக்கு” என்று கேட்டிருந்தாங்க.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அதுக்கு வரேன்.

முதல்ல, மாடர்ன்னா என்ன? இந்த இடத்துலதான் நிறைய பிள்ளைங்க சறுக்குறாங்க. இருருமாவோட ‘ரிவர் ஃப்ளோஸ் இன் யூ’ 2001-ல் வந்ததுதான். ஆனா தேர்வாளர்கள் கேட்கறது அது இல்லை. கச்சேரி மேடைக்காக 20, 21-ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட இசையைத்தான் பொதுவா அப்படிச் சொல்றாங்க. சினிமா பாட்டு அழகா இருக்கலாம், அதுக்கு வேற இடம் இருக்கு. அதோட விண்ணப்பத்துல இருக்கிற வாசகத்தை எழுத்தெழுத்தா படிங்க. சில இடத்துல 1900-க்குப் பிறகுன்னு இருக்கும், சில இடத்துல 1945-க்குப் பிறகு. இரண்டாவதா இருந்தா டெபுஸி, பார்டாக் ரெண்டு பேருமே அவுட். புரியலைன்னா கல்லூரிக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கறதுல தப்பே இல்லை.

இப்ப கீபோர்டு. முழுப் பியானோவில் 88 கட்டை. வழக்கமான 61 கட்டை கீபோர்டில் கீழே 15, மேலே 12 கிடையாது. அதனால எந்த பீஸை எடுத்தாலும் முதல்ல நோட்டேஷன்ல அடி சுரத்தையும் உச்சி சுரத்தையும் தேடிப் பாருங்க. லிகெட்டியோட ‘மூசிக்கா ரிசெர்காட்டா’ (1951–53) முதல் பீஸ் பார்க்க எளிமையா இருக்கும். கிட்டத்தட்ட முழுக்க ‘ஏ’ங்கிற ஒரே சுரம், முடியும்போது மட்டும் ‘டி’ வரும். ஆனா அந்த ஒரே சுரத்தைக் கீழிருந்து மேல்வரை எல்லா ஸ்தாயியிலும் வாசிக்கணும். 61 கட்டையில் அதை எப்படிப் பழகறது?

பெடல் இன்னொரு சிக்கல். டெபுஸியோட ‘சணல் நிறக் கூந்தல் பெண்’ (1910) விரலுக்குச் சுலபம், அதனால எல்லாரும் அதைத்தான் எடுக்கறாங்க. ஆனா அதோட உயிர் பெடலை அரைவாசி அழுத்தி, கொஞ்சமா விடறதுல இருக்கு. சாதாரண கீபோர்டு பெடல் சுவிட்ச் மாதிரி, ஒண்ணு ஆன், இல்லைன்னா ஆஃப். மூணு மாசம் அதுல பழகிட்டு நிஜப் பியானோவில் உட்கார்ந்தா, காதுக்கு வேற பாட்டு கேட்கும். என் கருத்துல இந்தப் பொண்ணுக்கு டெபுஸி வேண்டாம்.

அப்போ எது? பெடலை அதிகம் நம்பாம, விரலையும் தாளத்தையும் நம்பற பீஸ். என் பரிந்துரை பார்டாக். ‘மிக்ரோகாஸ்மாஸ்’ 1926-க்கும் 1939-க்கும் இடையில் எழுதினது, ஆறு தொகுதி, 153 பீஸ். கடைசி ஆறும் பல்கேரியத் தாள நடனங்கள், 148-லிருந்து 153 வரை. ஏழாவது கிரேடுக்கு இது ஒரு படி மேலே, ஆனா எட்ட முடியாத உயரம் இல்லை.

சீர்காழிக்காரங்களுக்கு இதுல ஒரு சாதகம் இருக்கு. அந்த ஊர்க் கோயில்ல தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு ஐந்தும் ஏழும் புதுசில்லை. 150-ஆம் எண் ஐந்து எட்டாம் பங்கு, 2+3. தக தகிட. நம்ம கண்ட சாப்புதான். 153 வந்து 3+3+2, தகிட தகிட தக. பார் எண்ணி எண்ணித் திணற வேண்டியதில்லை, சொல்லிக்கிட்டே வாசிக்கலாம்.

ஆனா 149-ல ஒரு பொறி இருக்கு. ஏழுன்னதும் கை தானா மிஸ்ர சாப்புக்குப் போகும், தகிட தகதிமி, 3+4. பார்டாக் எழுதினது 2+2+3. அதாவது தகதிமி தகிட, நம்ம ஊர்ல விலோம சாப்புன்னு சொல்றது. அழுத்தம் இடம் மாறிட்டா மொத்தமும் வேற பீஸ் ஆயிடும், தேர்வாளர் முதல் வரியிலேயே கண்டுபிடிச்சிடுவார். முதல் ஒரு வாரம் கீபோர்டைத் தொடாம கையால தட்டிச் சொல்லிப் பழகட்டும்.

இடையில ஒண்ணு சொல்லணும். இந்தப் பக்கத்துக் காதும் அந்தப் பக்கத்துப் பியானோவும் சந்திச்சது புதுசு இல்லை. கோயம்புத்தூர் தாயியோட இசைத்தட்டைக் கேட்டுத்தான் மோரிஸ் டெலாஜ்ங்கிற பிரெஞ்சுக்காரர் ‘ராகமாலிகா’ எழுதினார், குரலுக்கும் பியானோவுக்கும். மெஸியான் சார்ங்கதேவரோட தேசி தாளங்களை எடுத்துத் தன் இசையில் புகுத்தினார். டெலாஜ் பீஸுக்குப் பாட ஆள் வேணும், மெஸியான் ரொம்பக் கஷ்டம், அதனால ஆடிஷனுக்கு ரெண்டும் உதவாது. கேட்டு மட்டும் வைங்க.

நோட்டேஷன் பத்தி ஒரு வார்த்தை. பார்டாக் இறந்தது 1945. இந்தியாவில் காப்புரிமை ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைக்கும்தான், அதனால பதிவிறக்கிப் பழகறதுல சிக்கல் இல்லை. லிகெட்டி இறந்தது 2006-ல, அதனால அவரோடதைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும். உரிமை உள்ள நூலோட ஜெராக்ஸை பல இடங்களில் தேர்வறைக்குள்ள விடறதில்லை.

கடைசியா, நிஜப் பியானோ. கீபோர்டு கட்டை லேசு, பியானோ கட்டை கனம். வேகமான நடனத்துல ரெண்டாவது பக்கத்துக்குள்ள முன்கை வலிச்சிடும். பக்கத்துல பியானோ வச்சிருக்கிற தேவாலயமோ பள்ளியோ இருந்தா, வாரம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கம்மா. அதுவும் கிடைக்கலைன்னா ஆடிஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சென்னை வந்து, மணிக்கணக்குல வாடகைக்கு விடற பயிற்சி அறையில உட்காரட்டும். அன்னிக்குக் காலையில சீர்காழியில ரயிலேறி, எழும்பூர்ல இறங்கி, நேரா போய் வாசிக்கறது மட்டும் வேண்டாம்.

149, 150, 153 மூணையும் அவ கேட்டுட்டு, அவளே ஒண்ணை எடுக்கட்டும். எதுன்னு மெசேஜ் போடுங்கம்மா, விரல் எண்களை அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.