வானம் யாருக்கு உரியது?
தனியார் விண்வெளி நிலையங்களும் ஃபிக்ஹு மரபும்

மஃரிப் தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் வேளையில், ஓர் ஒளிப்புள்ளி கண்சிமிட்டாமல், ஓசையின்றி வானைக் கடந்து சில நிமிடங்களில் மறைவதைச் சில நாள்களில் காணலாம். அன்னூர் போன்ற, உயர்ந்த கட்டடங்கள் வானை மறைக்காத கொங்கு மேட்டுநில ஊர்களில் இக்காட்சி தெளிவாகவே தெரியும். அது விண்மீன் அன்று. மனிதர் குடியிருக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடங்களுக்கு ஒருமுறை அது பூமியைச் சுற்றிவருகிறது. 1998இல் கட்டத் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தில் 2000 நவம்பர் முதல் மனிதர் இடைவிடாது வாழ்ந்து வருகின்றனர்.

பதினைந்து நாடுகள் கூடி எழுப்பிய அந்த வீட்டின் ஆயுளும் எண்ணப்பட்டுவிட்டது. 2030 வரை அதனை இயக்கி, பின்னர் கடலின் ஆளரவமற்ற பகுதியில் விழச் செய்வது அமெரிக்காவின் நாசா அறிவித்துள்ள திட்டமாகும். அதனைக் கீழிறக்கும் கலத்தைச் செய்யும் பணி 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் என்னும் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சீனாவின் தியான்கோங் நிலையம் ஒருபுறம் இருக்க, பழைய நிலையத்தின் இடத்தை நிரப்ப முன்வந்திருப்பவை பெரும்பாலும் வணிக நிறுவனங்களே.

விண்வெளிப் பயணம் என்றவுடன் நம் சமுதாயத்தில் முதலில் எழும் வினா, அங்கே கிப்லா எது என்பதுதான். அது நியாயமான வினா. அதற்கு உலமாக்கள் விடையும் தந்துள்ளனர். ஆனால் வீடு கட்டுவோர் வணிகராகிவிட்ட காலத்தில் வேறு வினாக்களும் எழுகின்றன. அந்த வீடு நிற்கும் வெளி யாருடையது? அனுமதி தருபவர் யார்? தீங்கு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்? இவ்வினாக்களுக்கும் நம் ஃபிக்ஹு மரபில் கருவூலம் உண்டு என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விழைகிறோம்.

அரசிடமிருந்து நிறுவனத்துக்கு

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் நாட்டின் சல்யூட் நிலையத்துக்குச் சென்றது இரு அரசுகளின் நட்பால் நிகழ்ந்தது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் அந்நிலை மாறிற்று. 2000ஆம் ஆண்டில் மிர்கார்ப் என்னும் நிறுவனம், கைவிடப்படவிருந்த மிர் நிலையத்துக்குத் தன் செலவில் இரு ரஷ்ய வீரர்களை அனுப்பியது. 2001 ஏப்ரலில் டென்னிஸ் டிட்டோ என்னும் அமெரிக்கச் செல்வர், சுமார் 2 கோடி டாலர் செலுத்திப் பன்னாட்டு நிலையத்துக்குச் சென்று வந்தார். 2006 செப்டம்பரில் ஈரானில் பிறந்த அனூஷே அன்சாரி அவ்வாறே தம் செலவில் சென்ற முதல் பெண்மணியானார்.

இவர்கள் அரசு கட்டிய வீட்டுக்குச் சென்ற விருந்தினர்கள். வீட்டையே தனியார் கட்டும் முயற்சியை முதலில் முன்னெடுத்தது பிகலோ ஏரோஸ்பேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம். காற்றடைத்து விரியும் சோதனைக் கலங்களை அது 2006இலும் 2007இலும் ஏவியது. 2016இல் அதன் அறை ஒன்று பன்னாட்டு நிலையத்துடன் இணைக்கப்பட்டது. ஆயினும் 2020 மார்ச்சில் அந்நிறுவனம் தன் பணியாளர் அனைவரையும் விடுவித்துவிட்டது. அது விட்டுச்சென்ற அறையின் பொறுப்பு பின்னர் நாசாவிடம் வந்து சேர்ந்தது.

2016இல் தொடங்கப்பட்ட ஆக்ஸியம் ஸ்பேஸ், தன் அறைகளை முதலில் பன்னாட்டு நிலையத்துடன் இணைத்துப் பின் தனி நிலையமாகப் பிரித்தெடுக்கத் திட்டமிட்டது. 2021 டிசம்பரில் வேறு மூன்று நிறுவனக் குழுக்களுக்கு நாசா மொத்தம் 41 கோடி டாலருக்கு மேல் உதவி அறிவித்தது. அவற்றுள் ஒன்று 2023இல் தன் திட்டத்தைக் கைவிட்டு மற்றொன்றுடன் சேர்ந்துகொண்டது. வாஸ்ட் என்னும் நிறுவனம் ஹேவன்-1 என்ற சிறு நிலையத்தை உருவாக்கி வருகிறது. அதன் ஏவுதல் நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போயுள்ளது.

இந்த ஏற்பாட்டின் சாரம் எளிது. முன்பு அரசு நிலையத்தை வடிவமைத்து, கட்டுவித்து, சொந்தமாக வைத்திருந்தது. இனி நிறுவனம் கட்டிச் சொந்தமாக வைத்திருக்கும். அரசு இடம் பிடிக்கும் வாடிக்கையாளர்களில் ஒன்றாக இருக்கும்.

நம் நாடும் அத்தகைய வாடிக்கையாளராகிவிட்டது. 2025 ஜூன் 25 அன்று ஆக்ஸியத்தின் நான்காம் பயணத்தில் இந்திய விமானப்படை வீரர் சுபான்ஷு சுக்லா புறப்பட்டு, மறுநாள் பன்னாட்டு நிலையத்தை அடைந்து, ஜூலை 15 அன்று திரும்பினார். அந்நிலையத்தில் கால்வைத்த முதல் இந்தியர் அவரே. ராகேஷ் சர்மாவை நட்பு அழைத்துச் சென்றது. சுக்லாவை ஓர் ஒப்பந்தம் அழைத்துச் சென்றது.

வானில் வணக்கம்

முஸ்லிம் பயணிகளின் வரலாறும் இதே தடத்தில்தான் நடந்துள்ளது. 1985 ஜூனில், ரமளானின் இறுதியில், சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் அமெரிக்க விண்ணோடத்தில் பயணமானார். 2007 அக்டோபரில் மலேசிய மருத்துவர் ஷேக் முஸஃபர் ஷுகூர் ரமளானில் புறப்பட்டுப் பெருநாளைப் பன்னாட்டு நிலையத்தில் கொண்டாடினார். மலேசியா ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய உடன்படிக்கையின் ஒரு பகுதியாகவே அவருக்கு அந்த இருக்கை கிடைத்தது என்பதை நாம் மறத்தலாகாது. 2023இல் அமீரகத்தின் சுல்தான் அல்நியாதி ஆறு மாதங்கள் அங்கே தங்கினார்; அவருக்கான இடம் ஆக்ஸியம் வழியே பெறப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் சவூதியின் ரய்யானா பர்னாவியும் அலீ அல்கர்னியும் ஆக்ஸியத்தின் இரண்டாம் பயணத்தில் சென்றனர். பர்னாவி விண்வெளி சென்ற முதல் சவூதிப் பெண்மணி, புற்றுநோய் ஆய்வாளர்.

ஷேக் முஸஃபரின் பயணத்தையொட்டி மலேசிய உலமாக்கள் வகுத்த வழிகாட்டி நுட்பமானது. நிலையத்தில் ஒரு நாளில் சூரியன் ஏறத்தாழ 16 முறை உதித்து மறையும். அதற்காக எண்பது வேளை தொழ வேண்டியதில்லை. ஏவப்பட்ட இடத்தின் 24 மணி நேரக் கணக்கைப் பின்பற்றி ஐவேளை தொழுதால் போதும். கிப்லாவுக்குப் படிநிலை வகுத்தனர்: இயன்றால் கஅபா, இயலாவிடில் கஅபாவுக்கு நேர் மேலுள்ள வெளி, அதுவும் இயலாவிடில் பூமி, எதுவும் இயலாவிடில் இயன்ற திசை. நோன்பைத் திரும்பிய பின் களாச் செய்யலாம். முஸாஃபிருக்கு மார்க்கம் தந்த சலுகைகள் அங்கும் செல்லும்.

புதிய சூழலில் பழைய மூலங்களிலிருந்து வழி காணும் இஜ்திஹாதுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் வணக்கத்தைப் பற்றிச் சிந்தித்த அளவுக்கு, கொடுக்கல் வாங்கலைப் பற்றி, அதாவது முஆமலாத்தைப் பற்றி, நாம் சிந்தித்தோமா? இருக்கையில் அமர்ந்தவரின் கிப்லாவை ஆராய்ந்தோம். இருக்கை விற்கப்பட்ட முறையை ஆராயவில்லை.

தரிசு நிலமும் உப்பு நிலமும்

ஆளற்ற, உரிமையாளரற்ற தரிசை உழைப்பால் பயன்படச் செய்பவருக்கு உரிமை உண்டு என்பது ஃபிக்ஹின் புகழ்பெற்ற நெறி. இஹ்யாவுல் மவாத், அதாவது இறந்த நிலத்தை உயிர்ப்பித்தல், என அது வழங்கும். யாரும் வாழாத விண்வெளியில் வீடு கட்டும் நிறுவனத்துக்கு இந்நெறி பொருந்துமா?

இங்கே இமாம்களிடையே உள்ள கருத்து வேறுபாடு நமக்கு ஒளி தருகிறது. உயிர்ப்பிக்க ஆட்சியாளரின் அனுமதி தேவையில்லை என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலை. அனுமதி தேவை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, தனியாரின் விண்வெளிச் செயல்களுக்கு அவரவர் அரசே பொறுப்பு என்றும், அரசின் அனுமதியும் தொடர்ந்த கண்காணிப்பும் கட்டாயம் என்றும் விதிக்கிறது. கொங்கு நாட்டு இராவுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றிவரும் ஹனஃபி மத்ஹபின் கருத்தை அறியாமலே உலக நாடுகள் எட்டியிருப்பதாக நாம் கொள்ளலாம்.

எல்லைக் கல் நட்டுவிட்டு உழைக்காமல் விட்டவருக்கும் விதி உண்டு. தஹ்ஜீர் எனப்படும் அச்செயல் முன்னுரிமை மட்டுமே தரும். மூன்றாண்டுகள் கடந்தால் அதுவும் இல்லை என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பாக நூல்களில் வழங்குகிறது. படம் வரைந்து, பெயர் சூட்டி, முதலீடு திரட்டி, நாளைத் தள்ளிக்கொண்டே போகும் திட்டங்களைப் பார்க்கையில் இத்தீர்ப்பின் நுட்பம் விளங்கும்.

எனினும் உயிர்ப்பித்தல் எல்லாவற்றுக்கும் பொருந்துவதன்று. யமன் நாட்டு மஅரிப் பகுதியிலிருந்த உப்பு நிலத்தை அப்யள் பின் ஹம்மால் (ரலி) என்னும் தோழர் கேட்க, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாத ஊற்றைப் போல எவரும் எடுத்துக்கொள்ளத்தக்க நிலையில் இருப்பது என எடுத்துரைக்கப்பட்டதும், அதனைத் திரும்பப் பெற்றார்கள். திர்மிதீ, அபூதாவூத் தொகுப்புகளில் இச்செய்தி உள்ளது. எல்லாருக்கும் தாமாகவே கிட்டும் பொதுவளத்தை ஒருவருக்கு எழுதிக்கொடுத்தல் ஆகாது என்பது இதிலிருந்து ஃபுகஹாக்கள் எடுத்த சட்டம்.

பூமியைச் சூழ்ந்த சுற்றுப்பாதை தரிசு நிலமா, உப்பு நிலமா? உப்பு நிலம் என்றே நாம் கருதுகிறோம். அதனை யாரும் உழைத்து உண்டாக்கவில்லை. எந்த நாடும் விண்வெளியைத் தன்னுடைமையாக்கலாகாது என மேற்சொன்ன உடன்படிக்கையும் கூறுகிறது. அன்னூர் வட்டாரத்து உழவருக்கு இதனை விளக்க நெடுநேரம் ஆகாது. பல்லாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டு, பவானி நீர் இப்பகுதிக் குளங்களுக்கு வந்தது. குளம் பொது, குளத்தால் ஊறிய கிணற்று நீரில் விளைந்த வாழை உழுதவனுக்குச் சொந்தம். அவ்வாறே நிலையம் நிறுவனத்துக்குச் சொந்தமாகலாம். நிலையம் சுற்றும் பாதை ஆகாது.

பயணியின் ஒப்பந்தம்

அமெரிக்கச் சட்டத்தில் வியப்பூட்டும் ஒரு விதி உண்டு. வணிக விண்கலங்களில் செல்வோரின் பாதுகாப்புக்கென அரசு விதி வகுப்பதை அது 2004 முதல் பெருமளவு தடுத்துவைத்துள்ளது. தொழில் வளரட்டும் என்பது காரணம். பலமுறை நீட்டிக்கப்பட்ட அத்தடை இப்போது 2028 தொடக்கம் வரை செல்லும். அதுவரை பயணி ஆபத்தை அறிந்து இசைவதாகக் கையொப்பமிட வேண்டும்.

கூலிக்கு ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்தை ஃபிக்ஹு இஜாரா என்னும் தலைப்பில் விரிவாகப் பேசுகிறது. பொருள் தெளிவாக இருத்தல், கரர் எனப்படும் நிச்சயமின்மை மிகாதிருத்தல், கவனக்குறைவுக்குப் பொறுப்பேற்றல் ஆகியன அதன் தூண்கள். கையொப்பம் ஒன்றே எல்லாப் பொறுப்பையும் நீக்கிவிடும் என்பது அந்நெறிக்கு உடன்பாடன்று; உயிரைக் காத்தல் ஷரீஅத்தின் ஐம்பெரும் நோக்கங்களில் ஒன்று. சுக்லாவின் பயணத்துக்கு முன் ஏவூர்தியில் திரவ ஆக்சிஜன் கசிவு கண்டறியப்பட்டு ஏவுதல் ஒத்திவைக்கப்பட்டது. காத்திருந்தோர் சலித்தனர். ஆனால் அந்தத் தாமதமே அமானிதத்தைப் பேணும் முறை.

பொறுப்பு பயணியோடு முடிவதுமில்லை. செயலிழந்த கலங்களின் துண்டுகள் துப்பாக்கிக் குண்டைவிடப் பன்மடங்கு வேகத்தில் சுற்றுப்பாதையில் பாய்கின்றன. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளையாகக் கொண்ட சமுதாயம் நாம். இடையூறைப் போட்டுவிட்டுப் போகும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இல்லை என்று சொல்லும் தகுதி நமக்கு உண்டு.

நம் கரையில்

இவையெல்லாம் தொலைதூர நாடுகளின் செய்திகள் அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் வேரூன்றி 2017இல் ஸ்ரீநாத் இரவிச்சந்திரனும் மொயினும் இணைந்து தொடங்கிய அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண முறையில் அச்சிட்ட எந்திரத்தைக் கொண்டு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சோதனை ஏவூர்தியைச் செலுத்தியது. அதன் இலக்கு சிறு செயற்கைக்கோள்களே, மனிதப் பயணம் அன்று. ஆயினும் வாயில் திறந்துவிட்டது. குலசேகரன்பட்டினத்தில் சிறு ஏவூர்திகளுக்கான தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கே செலுத்தினால் இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் விண்மீன்களைப் பார்த்து மரக்கலம் செலுத்திய காயல்பட்டினம் அதே கரையில்தான் உள்ளது. கொங்கு நாட்டுக்கும் பங்குண்டு: சந்திரனில் இறங்கும் கலங்களைச் சோதிக்க நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பாறைகளிலிருந்தே இஸ்ரோ நிலவு மண்ணையொத்த மண்ணைச் செய்தது.

2020இல் இந்திய அரசு இன்ஸ்பேஸ் அமைப்பை ஏற்படுத்தித் தனியாருக்கு அனுமதி வழங்கும் பொறுப்பை அதனிடம் அளித்தது. 2023இல் விண்வெளிக் கொள்கை வந்தது. 2035க்குள் பாரதிய அந்தரிக்ஷ் நிலையத்தை அமைக்க அரசு எண்ணியுள்ளது. எனினும் கொள்கை வேறு, சட்டம் வேறு. 2017இல் வரைவாக வெளியான விண்வெளி மசோதா 2025 வரை சட்டமாகவில்லை. பொதுவளம், பொறுப்பு, இழப்பீடு பற்றிப் பேசுவதற்கு இதுவே உரிய காலம்.

அரசு, வணிகம் என்னும் இரண்டுக்கும் அப்பால் மூன்றாம் வழியையும் நம் வரலாறு அறியும். 1259இல் நஸீருத்தீன் தூஸீயின் தலைமையில் எழுந்த மராகா வானாய்வுக் கூடம் வக்ஃபு வருவாயால் இயங்கியது. ஆட்சியாளர் மறைந்த பின்னும் அங்கே ஆய்வு தொடர்ந்தது. ஒரு நிலையத்தின் ஓர் அறையேனும், ஏழை நாடுகளின் ஆய்வாளர்களுக்கென அறக்கட்டளையாக நிற்கலாகாதா? இருக்கை வாங்கும் செல்வம் முஸ்லிம் நாடுகளிடம் இருக்கிறது. அறை ஒன்றை வக்ஃபாக்கும் எண்ணம் பிறந்தால், வாங்கியவர் என்பதைவிட வழங்கியவர் என்னும் பெயர் நிலைக்கும்.

பன்னாட்டு நிலையம் இறங்கிய பின்னும், மஃரிபுக்குப் பின் அன்னூர் வானில் ஒளிப்புள்ளிகள் கடந்துசெல்லும். அவற்றின் சுவர்களில் நிறுவனங்களின் பெயர்கள் இருக்கும். அவை கடக்கும் வானுக்கு அதனைப் படைத்தவனே உரிமையாளன். நாம் அமானிதம் பேணுவோர் மட்டுமே. இந்த உணர்வைச் சட்டமாக வடிக்கும் பணி நம் மத்ரஸாக்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் தொடங்கட்டும்.