மூன்றரை அங்குலம்

திருமுல்லைவாயலில் மகன் வாங்கியிருக்கும் ஃபிளாட்டில் போன மாதம் மர வேலை நடந்தது. ஹாலில் டிவி மாட்டப்போகும் சுவருக்கு ஒரு யூனிட். சும்மா மேற்பார்வை பார்க்கலாமென்று போயிருந்தேன். கார்பென்டர் தம்பி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்து, "ஐயா, சவுண்ட் பார் வைப்பாங்களா?" என்றார்.

"வைப்பாங்கன்னுதான் நினைக்கிறேன். இன்னும் வாங்கல."

"பரவால்ல. டிவிக்குக் கீழ மூணரை இஞ்ச் கேப் விட்டுடறேன். அதுக்குள்ள அடங்கற மாதிரி பாத்து வாங்கிக்கச் சொல்லுங்க. கருப்புலயே வாங்கச் சொல்லுங்க. வெள்ளை வந்தா இந்த லேமினேட்டுக்கு செட் ஆவாது."

அவ்வளவுதான். கடைக்கு யாரும் போகவில்லை, ஒரு பாட்டும் போட்டுப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் இனி பத்து வருஷத்துக்குப் பாட்டு எப்படிக் கேட்கப்போகிறது என்பதை ஒரு டேப்பும் ஒரு பென்சிலும் முடிவு செய்துவிட்டன.

குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. எங்கள் வீட்டுக்கு முதல் ரேடியோ வந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். 1969, தீபாவளி போனஸ். அப்பாவுக்கு அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் வேலை. மவுண்ட் ரோடு கடையில் நாலைந்து ரேடியோக்களை வரிசையாகப் பாட வைத்தார்கள். அப்பா எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை. பின்னால் போய், முன்னால் வந்து, பாலிஷைத் தடவி, குமிழைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எடுத்தது, முகப்பில் பொன் நிறக் கம்பி ஓடிய ஒரு பிலிப்ஸ். "பார்க்க லட்சணமா இருக்கு" என்றார். பேச்சு முடிந்தது.

அந்த வால்வு ரேடியோவை இன்றைக்கு நினைத்தாலும் கண்ணில் நிற்பது அதன் முகம்தான். தேக்கு நிறத்தில் மேற்பலகை, ஓரங்கள் மழுங்கலாக வளைந்திருக்கும். முன்பக்கம் பாதிக்குத் தவிட்டு நிறத் துணி, அதற்குள் பொன் சரிகை. கீழே கண்ணாடியில் வரிசையாக எண்கள், ஊர்ப் பெயர்கள். போட்டவுடன் பாடாது. வால்வு சூடாக வேண்டும். முதலில் டயலுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் பரவும், பிறகு பச்சைக் கண் ஒன்று மெல்ல விழிக்கும். மேஜிக் ஐ என்பார்கள். ஸ்டேஷன் சரியாக மாட்டினால் அந்தப் பச்சைக்கு நடுவில் இருக்கும் நிழல் ஒடுங்கும். விவித் பாரதியோ இலங்கை வானொலியோ, காதுக்கு முன்னால் கண்ணுக்குத்தான் வந்து சேரும்.

அம்மா அதற்கு உறை தைத்தாள். வெள்ளைத் துணியில் ரோஜா எம்பிராய்டரி, முன்பக்கம் மட்டும் சுருட்டி மேலே போடுகிற மாதிரி. பாட்டு முடிந்ததும் திரை இறங்கிவிடும். சுவரில் ஸ்டாண்ட் அடித்து, ஆள் நின்றால் முகத்துக்கு நேராக வரும் உயரத்தில் வைத்திருந்தோம். தெருவிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகத் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. வருஷத்துக்கொரு முறை தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்த பொருள் அது. ஜன்னலில் தெரிந்தால்தான் என்ன தப்பு?

ஒன்றைச் சொல்ல வேண்டும். அழகுக்காக வாங்கிய அந்தப் பெட்டியில் அழகும் ஓசையும் ஒரே பலகையில் இருந்தன. ஸ்பீக்கர் பெரிது, அதற்குப் பெட்டியும் பெரிதாக வேண்டும். மரம் தடிமனாக இருந்தால் அதிராது. துணி, பாட்டை மறிக்காமல் தூசியை மட்டும் மறிக்கும். அப்பா லட்சணம் பார்த்துத்தான் வாங்கினார், ஓசை கூடவே வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்து வந்ததல்ல.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, பொத்தல் போட்ட தோல் உறையோடு. 1975 ஆகஸ்ட் 15ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. கொஞ்ச காலத்தில் சாலிடேரும் டயனோராவும் மரக் கதவும் பூட்டும் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் வந்தன. ரேடியோ ஸ்டாண்டில் கடிகாரம் ஏறியது. இதெல்லாம் எல்லா வீட்டுக் கதையும்தான். எனக்கு முக்கியம் பானை.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சலூன். 1980களின் தொடக்கம், இளையராஜா கேசட் இல்லாத சலூனில் எவனும் முடி வெட்டிக்கொள்ள மாட்டான். அந்தச் சலூன்காரர் கடையின் இரண்டு மூலையிலும் மண்பானையைக் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பானை வாயில் எட்டு இஞ்ச் ஸ்பீக்கர். பெட்டி செய்யக் காசில்லாதவர்கள் கண்டுபிடித்த வித்தை அது. டீக்கடை, சலூன், சைக்கிள் கடை என்று தமிழ்நாடு முழுக்க அன்று பானை பாடிக்கொண்டிருந்தது.

அவர் செய்யும்போது கூட இருந்து பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கரைக் கையில் எடுத்துக்கொண்டே பானைக் கடைக்குப் போவார். வாய் அளவு ஒட்டி வருகிற பானையாக நாலைந்தைத் தட்டிப் பார்த்து எடுப்பார். வீறல் இருந்தால் சத்தமே சொல்லிவிடும். அடியில் ஆணியால் மெல்லக் கொத்தி ஒயர் போக ஓட்டை. உள்ளே பழைய தலையணைப் பஞ்சு இரண்டு பிடி. ஸ்பீக்கரைப் பொருத்திச் சுற்றிலும் எம்-சீல் வைத்து விரலில் தண்ணீர் தொட்டு வழிப்பார். ஒரு ராத்திரி காய வேண்டும். மறுநாள் மேலே நீல எனாமல் பெயிண்ட், வயிற்றில் மஞ்சளாக ஒரு நட்சத்திரம். "இன்னா தம்பி, பானை பாடுது பாத்தியா?" என்பார்.

பாடியது. ஜேசுதாஸ் குரலின் அடித்தளம் முழுசாக இறங்கும். அதே சமயம் என் சிநேகிதன் வீட்டில் ஒட்டுப்பலகைப் பெட்டி இருந்தது. சன்மைக்கா ஒட்டி, குரோம் வளையம் வைத்து, பார்க்க ராஜா மாதிரி. தபேலா விழும்போதெல்லாம் பெட்டியும் சேர்ந்து 'தொம்' என்று தன் பங்குக்கு ஒன்று போடும். மெல்லிய தட்டைப் பலகை அதிரும், சுட்ட மண்ணின் வளைவு அசையாது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் பெட்டிதான் 'நல்ல செட்டு', பானை ஏழை வீட்டுச் சமாளிப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆவடி லோக்கலில் ஏறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்து, 4440 ஐசி போட்ட ஆம்ப்ளிஃபயர் போர்டும் அலுமினிய முகப்பும் வாங்கியவன், பானை வாங்கவில்லை. பலகைதான் வாங்கினேன். போர்டைவிட முகப்புக்கு அதிகம் செலவழித்தேன். பாட்டோடு ஏறி இறங்கும் சிவப்பு விளக்கு வரிசை அதில் உண்டு. அது பாட்டில் எதையும் கூட்டவில்லை. ஆனால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், சத்தியமாக, பாட்டு நன்றாகவே இருந்தது.

ஆயுத பூஜை வந்தால் அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் சந்தனம் வைப்பார்கள். எங்கள் தெருவில் டேப் ரிக்கார்டருக்கும் வைப்போம். ஸ்பீக்கர் வலையில் குங்குமம் இறங்கிவிடக் கூடாதே என்று மேற்பலகையில் மட்டும் மூன்று பொட்டு. பானைக்கு எங்கே வைப்பது? சலூன்காரர் அதன் வயிற்றைச் சுற்றி மாலையே போட்டுவிடுவார்.

தொண்ணூறுகளில் தோற்றம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது. வெள்ளி முகம் போய்க் கருப்பு பிளாஸ்டிக் வந்தது. அதன் நெற்றியில் ஸ்டிக்கர்: 500 வாட், 1000 வாட், பக்கத்தில் பொடியாக பி.எம்.பி.ஓ. இந்தக் கணக்குக்கு ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கணம் தாங்கும் உச்சத்தை அவரவர் இஷ்டத்துக்குப் பெருக்கிப் போட்டுக்கொண்டதுதான். தெரியாமல் நானும் 1993ல் ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். முகப்பில் ஆறு வட்டங்கள், ஆறும் ஸ்பீக்கர் என்று தெருவே நம்பியது. ஒரு நாள் கரப்பான் பூச்சி விரட்டப் பின்மூடியைக் கழற்றினேன். இரண்டு வட்டத்துக்குப் பின்னால்தான் ஸ்பீக்கர் இருந்தது. மற்ற நாலும் அச்சு. முதுகில் ஒட்டிய தகட்டில் மின்சாரச் செலவு 25 வாட் என்று எழுதியிருந்தது. 25 வாங்கி 1000 கொடுக்கும் மிஷினை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒருவரும் செய்து காட்டியதில்லை. மூடியைத் திருப்பி மாட்டிவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

1996ல் 'கருப்பு ரோஜா' படம் டிடிஎஸ் ஒலியில் வந்தது. அதற்குப் பின்னால் ஊருக்கே அந்த மூன்றெழுத்துப் பித்து. சில வருஷத்தில் 5.1 ஹோம் தியேட்டர் வீட்டுக்குள் நுழைந்தது. குட்டி ஸ்பீக்கர் ஐந்து, தடியான ஊஃபர் ஒன்று. இரண்டு ஸ்பீக்கர் நமக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமமே. நான் போன வீடுகளில் பாதிக்கு மேல், ஐந்தும் ஷோகேஸில் டிவிக்கு மேலே பொம்மை மாதிரி வரிசையாக நின்றன. தரையில் ஒயர் ஓடினால் அசிங்கமாம். பின்னால் வர வேண்டிய ஹெலிகாப்டரும் முன்னாலேயே வந்து முன்னாலேயே போனது. ஒருவரும் புகார் சொல்லவில்லை. ஐந்து ஸ்பீக்கர் இருக்கிறது என்பது வந்தவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

இது நம் ஊர்க்காரர்களின் பைத்தியம் மட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1994ல் அமெரிக்க ஹார்மன் நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஓலிவ் என்ற இருவர் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். 40 பேர், நாலு ஸ்பீக்கர். ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள், ஒரு முறை கண்ணெதிரே வைத்து. திரை விலகியதும் மதிப்பெண் மாறிவிட்டது. பெரிசாக, லட்சணமாக இருந்தவை ஏறின. சின்னதாக, மலிவாக இருந்த செட்டு இறங்கியது. மதிப்பெண் போட்டவர்கள் அதே கம்பெனி ஊழியர்கள், ஸ்பீக்கரோடு புழங்குகிறவர்கள். இதைப் படித்த அன்றைக்கே என் அப்பாவை மன்னித்துவிட்டேன்.

இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்றால், காட்டுவதற்காக வாங்கிய பொருளை இப்போது ஒளிப்பதற்காக வாங்குகிறோம். அம்பத்தூரும் மாறிவிட்டது. டன்லப் என்று பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் இருக்கிறது, தொழிற்சாலை இல்லை. எஸ்டேட்டில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்துவிட்டன. அங்கே வேலை செய்கிறவர்களின் ஃபிளாட்டில் சுவர் வெறுமையாக இருந்தால்தான் அழகு. டிவி விரல் தடிமனுக்கு வந்துவிட்டது. அதற்குள் ஸ்பீக்கர் நிமிர்ந்து நிற்க இடமில்லாமல் தரையைப் பார்த்துப் பாடுகிறது. வசனம் புரியவில்லை என்று ஒரு சவுண்ட் பார். அதுவும் மெலிந்தே இருக்க வேண்டும் என்பதால் அடி ஓசை வராது, அதற்கென்று தனியாக ஓர் ஊஃபர் பெட்டி. முதலில் மெலிய வைத்து, பிறகு மெலிவுக்கு மருந்து வாங்குகிறோம். அப்பா பார்த்த அழகு ஓசைக்கு இடம் கொடுத்தது, இந்த அழகு அந்த இடத்தைத்தான் கேட்கிறது.

பழசுதான் ஒசத்தி என்று சொல்ல வரவில்லை. அந்த வால்வு ரேடியோ ராத்திரியில் இலங்கையை அலையலையாகத்தான் கொண்டுவரும், பாதி இரைச்சல். இன்று கைக்கு அடக்கமான ஒரு புளூடூத் உருளை அதைவிடத் துலக்கமாகப் பாடும். அதே அம்பத்தூரில் தெருப் பிறந்தநாளுக்கு இழுத்துக்கொண்டு வரும் சக்கரம் வைத்த ஸ்பீக்கரில் வானவில் விளக்குகள் எரிகின்றன. என் சிவப்பு விளக்கு வரிசையின் பேரப்பிள்ளைகள்.

வேடிக்கை என்னவென்றால் துணியும் திரும்பி வந்துவிட்டது. பேசினால் பாடும் ஸ்பீக்கர்கள் எல்லாம் சாம்பல் துணி போர்த்தி வருகின்றன. மருமகள் ஒன்று வாங்கி வந்து, பெயர் எக்கோ என்றாள். எங்களுக்கு எக்கோ என்றால் இளையராஜா கேசட் கம்பெனி. 2017ல் சரிகம கொண்டுவந்த கார்வானும் வீட்டில் இருக்கிறது. பழைய ரேடியோ வேஷம் போட்ட பெட்டி, உள்ளே 5,000 பாட்டு. அறுபது தாண்டியவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் வந்தது. அதன் பொன் நிறக் குமிழைத் திருகும்போது அப்பாவின் விரல் ஞாபகம் வருவது நிஜம். பொன் நிறம் பிளாஸ்டிக் என்பதும் நிஜம்.

போன வாரம் சவுண்ட் பார் வந்து சேர்ந்தது. மூன்றரை அங்குலத்துக்குள் ஒழுங்காக உட்கார்ந்தது, கருப்பு. கூட வந்த ஊஃபரை எங்கே வைப்பது என்றுதான் அரை மணி நேரம் பஞ்சாயத்து. டிவி பக்கம் வைத்தால் யூனிட்டின் லுக் போய்விடும் என்று மருமகள் சோபாவுக்குப் பின் மூலைக்குத் தள்ளினாள். அப்படியும் கண்ணை உறுத்துகிறது என்று அதன் தலையில் ஒரு மண் தொட்டியில் மணி பிளாண்ட் வைத்தாள். மகன் பாட்டுப் போட்டான். பேஸ் இறங்கும்போதெல்லாம் மூலையில் ஏதோ 'கடகட' என்றது.

"என்னங்க அது, ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?" என்றாள்.

நான் போய்த் தொட்டியைத் தூக்கினேன். சத்தம் நின்றது. கீழே வைத்தேன், மறுபடி ஆரம்பித்தது. இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு மகன் ரிமோட்டை எடுத்து பேஸைக் குறைத்தான். தொட்டி அங்கேயேதான் இருக்கிறது.