கேட்கத் தெரிந்த உளநூலார்

பிள்ளையின் குறையைப் பற்றிப் பேசப் பெற்றோரை அழைக்கும் ஆசிரியர், பெரும்பாலும் தாமே பேசி முடித்துவிடுகிறார். அதே தவற்றைச் செய்து, அதிலிருந்தே ஒரு நெறியைக் கண்டவர் அமெரிக்க உளநூல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ்.

இவர் 1902-ஆம் ஆண்டு சிக்காகோவை அடுத்த ஓக் பார்க்கில் பிறந்தார். சமயக் கட்டுப்பாடு மிக்க குடும்பம். பன்னிரண்டாம் வயதில் பண்ணை வாழ்வு தொடங்கியது. கல்லூரியில் முதலில் பயின்றது வேளாண்மை. பின்னர்ச் சமயப் பணியை நாடி இறையியல் கற்றார். ஒரே கொள்கையை நம்பியே தீரவேண்டிய தொழில் தமக்கு ஒவ்வாது எனக் கண்டு, உளநூலுக்கு மாறினார்.

1928 முதல் ரோச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றில் பணியாற்றினார். அங்கே அடங்காத சிறுவன் ஒருவனின் தாயைப் பலமுறை சந்தித்தார். இளமையில் மகனை அவள் வெறுத்து ஒதுக்கியதே காரணம் என்பது அவர் முடிபு. எவ்வளவு விளக்கியும் பயனில்லை. “முயன்றோம், முடியவில்லை” என்று இருவரும் விடைபெற்றனர். கதவருகே சென்ற தாய் திரும்பி, இங்குப் பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என வினவினாள். உண்டு என்றதும் மீண்டும் அமர்ந்து, தன் மணவாழ்வின் துயரையெல்லாம் கொட்டினாள். உண்மையான மருத்துவம் அப்போதுதான் தொடங்கியது, நற்பயனும் தந்தது.

வலி எங்கே என்பதை வலியுற்றவரே அறிவார் என்று ரோஜர்ஸ் தெளிந்தார். தம்மை நாடி வந்தோரை அவர் நோயாளி என்று அழைக்கவில்லை. ஆலோசகர் பொய்ம்முகம் இன்றி இருத்தல், வந்தவரை நிபந்தனையின்றி மதித்தல், அவர் உள்ளத்தில் நின்று உணர்தல் ஆகியவற்றை இன்றியமையாதன என 1957-இல் வரையறுத்தார். கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லி, “நீங்கள் கருதுவது இதுதானா?” என்று தெளிவுபெறுவது அவர் முறை. கேட்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

கடுமையான மனநோய்க்கு மருத்துவரே வேண்டும்; ஆசிரியர் அவ்விடத்தைப் பிடித்தல் தகாது. எனினும் செவி கொடுக்கலாம். பள்ளிக்கு வராத பையனின் தந்தைக்கு ஒருமுறை அரைமணி நேரம் அறிவுரை கூறினேன். அவர் தலைகுனிந்து, “சரிங்க சார்” என்று போனார். வீட்டில் என்ன துன்பம் என்று நான் கேட்கவேயில்லை. பையனும் திரும்பவில்லை. அன்று நான் கேட்டிருக்க வேண்டும்.