பூமிக்கு இருபுறமும் இரண்டு காவல்

அண்ணனூர் கார் ஷெட்டில் இரவு ஷிப்ட் பார்க்கிறவன் நான். இந்த முனையில் நிற்பவனுக்கு, வரிசையாக நிற்கும் மின்ரயில்களுக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரியாது. அதனால் முனைக்கு ஒருவராக இரண்டு பேர் இருப்போம். ‘தக்ஷா’ விண்வெளித் திட்டத்தைப் பற்றிப் படித்தபோது, ஏன் இரண்டு செயற்கைக்கோள் என்பது எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைக் காற்றுமண்டலம் உறிஞ்சிவிடும். தரையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தும் பயனில்லை. மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும். 2015 செப்டம்பர் 28-ல் இந்தியா அஸ்ட்ரோசாட்டை அனுப்பியது. 2024 ஜனவரி 1-ல் எக்ஸ்போசாட் போனது.

2017 ஆகஸ்ட் 17-ல், இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிக்கொண்ட தகவல் ஈர்ப்பு அலையாக வந்தது. சுமார் 1.7 விநாடி கழித்து அமெரிக்காவின் ஃபெர்மி செயற்கைக்கோள் காமாக் கதிர் வெடிப்பைப் பிடித்தது. அஸ்ட்ரோசாட்டுக்கோ அந்த நேரம் பூமியே குறுக்கே நின்றுவிட்டது.

மும்பை ஐ.ஐ.டி.யின் வருண் பலேராவ் தலைமையிலான குழு முன்வைத்திருக்கும் தக்ஷா இதற்கு வழி சொல்கிறது. ஒரே மாதிரியான இரண்டு செயற்கைக்கோள்கள், பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் சுற்றும். ஒன்றுக்கு மறைவது மற்றதற்குத் தெரியும். குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிர் முதல் காமாக் கதிர் வரை பிடிக்க, ஒவ்வொன்றிலும் மூன்று வகை உணர்கருவிகள் இருக்கும்.

இது முன்மொழிவுதான். செலவைப் பார்த்து, ஒன்று போதாதா என்று யாரேனும் கேட்கலாம். போதாது என்பேன், ஓரிரு விநாடியில் முடிகிற வெடிப்பு, செயற்கைக்கோள் சுற்றி வரும்வரை காத்திருக்காது.