விண்டோஸ் எழும் முன்பே நுழையும் வைரஸ்: ஃபார்மட் செய்தாலும் போகாதது ஏன்?

"வைரஸ் வந்துடுச்சா? ஃபார்மட் பண்ணிடலாம்!" பலரும் சொல்லும் தீர்வு இது. ஆனால், பூட் செக்டார் வைரஸ் என்றால் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்வதில் பயன் இல்லை. அதில் இருந்த போட்டோவும் ஃபைலும் போய்விடும். வைரஸ் அப்படியே இருக்கும்.

எங்கே ஒளிந்திருக்கிறது?

பழைய பயாஸ் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், அது முதலில் படிப்பது ஹார்டு டிஸ்க்கின் முதல் செக்டாரை. அளவு வெறும் 512 பைட். 'மாஸ்டர் பூட் ரெக்கார்டு' எனப்படும் இதிலுள்ள குட்டி புரோகிராம்தான் விண்டோஸை எழுப்பும். சி டிரைவ் தொடங்குவதே இதற்குப் பிறகுதான். அதனால் ஃபார்மட் இந்த இடத்தைத் தொடாது. இங்கே உட்கார்ந்த வைரஸ், ஆன்டிவைரஸுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடும்.

எப்படிப் பரவியது?

1991-ல் கண்டறியப்பட்ட 'மைக்கலாஞ்சலோ'வை எடுத்துக்கொள்வோம். வைரஸ் உள்ள ஃபிளாப்பியை டிரைவிலேயே மறந்துவிட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்தால் போதும். 'இது சிஸ்டம் டிஸ்க் இல்லை' என்று திரையில் வருவதற்குள் வைரஸ் ஹார்டு டிஸ்க்குக்குத் தாவியிருக்கும். பிறகு அந்த கம்ப்யூட்டரில் போடும் ஃபிளாப்பிகளிலும் தொற்றிக்கொள்ளும். ஓவியர் மைக்கலாஞ்சலோவின் பிறந்தநாளான மார்ச் 6 அன்று ஆன் செய்தால், டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்துவிடும்.

எப்படி நீக்குவது?

* முதலில் வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் 'ரெஸ்க்யூ' பென்டிரைவ் தயார் செய்யுங்கள்.
* பாதித்த கம்ப்யூட்டரை முழுசா ஆஃப் செய்து, அந்த பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். அப்போது வைரஸ் மெமரிக்கு வராது.
* முக்கிய ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.
* விண்டோஸின் 'பூட்ரெக்' கட்டளை பூட் ரெக்கார்டைப் புதிதாக எழுதும். ஆனால் அவசரப்படாதீங்க! 'மங்கி' போன்ற வைரஸ்கள் பார்ட்டிஷன் விவரத்தையே மறைத்து வைக்கும். வைரஸ் எதுவென்று தெரியாமல் கட்டளையைப் போட்டால், டிஸ்க்கில் உள்ளதைத் திறக்கவே முடியாமல் போகலாம்.

இப்போதும் ஆபத்தா?

ஃபிளாப்பி போய்விட்டது, உத்தி போகவில்லை. 2017-ல் உக்ரைனில் தொடங்கிய 'நாட்பெட்யா', நெட்வொர்க் வழியே பரவி பூட் ரெக்கார்டை மாற்றி எழுதியது. புதிய லேப்டாப்களில் 'செக்யூர் பூட்' இதற்குக் காவல். ஆனால், 2023-ல் 'பிளாக்லோட்டஸ்' அதையும் தாண்டியது. எனவே, அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் லேப்டாப்பில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து, 'செக்யூர் பூட் ஸ்டேட்' ஆன் என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.